வெளிநாட்டு அனுபவம்

விரிவுரை மண்டப வாசலில் அப்பாவையும் அம்மாவையும் கண்டதும் ஜனார்த்தன் அவசரமாகக் கிட்டப் போனான். பத்மநாதன் கலியாண வீடுகளுக்கு மட்டும் வெளியே எடுக்கும் கோட்டைப் போட்டிருந்தார். தில்லைநாயகி பட்டுச்சேலைக்கு மேல் குளிர் ஜாக்கெட். ஓல்டனில் இருந்து சூரிச்சுக்கு ரயிலில் இந்தக் கோலத்தில்தான் வந்திருக்கிறார்கள்.

“எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை என்ன? இன்ரநெற்றில பாத்தன். புதுப் பேராசிரியர்ர முதல் உரை எண்டு கிடந்தது. உன்ர பேரும் கிடந்தது,” என்றார் பத்மநாதன். கோபம் மாதிரித்தான் தொடங்கினார், முகமெல்லாம் சிரிப்பு.

மகனின் பெயரைக் கைபேசியில் தேடிப் பார்ப்பது அவருக்குத் தேவாரம் மாதிரி, காலையில் ஒரு தடவை. முதியோர் இல்லச் சமையலறையில் பாத்திரம் கழுவிப் பழகிய அவருடைய ஜெர்மன், புதிய பேராசிரியர் என்பதைப் பிடித்தது, மகன் பெயரைப் பிடித்தது, நடுவில் கிடந்த ‘இவருடன் சேர்ந்து செய்த ஆய்வு’ என்பதைக் கோட்டை விட்டது. பேராசிரியர் ஆகியிருப்பவன் அவனுடன் சேர்ந்து ஆய்வு செய்த மத்தியாஸ். அதே பதவிக்கு நேர்முகம் போய் ஜனார்த்தன் தோற்றது போன கோடையில். வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. வருகிற ஓகஸ்டோடு ஜனார்த்தனுடைய வேலை ஒப்பந்தமும் முடிகிறது, அதையும் சொல்லவில்லை. வாசலிலேயே சொல்லிவிடுவோம் என்று நினைத்தான். அதற்குள் இருவரும் முன்வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். அவனும் பக்கத்தில் போய் இருந்தான்.

பீடாதிபதி அறிமுகம் செய்தார். மத்தியாஸ் எழுந்து மேடைக்குப் போனான்.

“உவர் ஆர்? நீ எப்ப போறாய்?”

“அவர்தான் அப்பா பேராசிரியர். எனக்குக் கிடைக்கேல்லை.”

பத்மநாதன் கோட்டின் பொத்தானைக் கழற்றித் திரும்பவும் பூட்டினார்.

மத்தியாஸ் பலகையில் புள்ளிகள் வைத்துக் கோடுகளால் இணைத்தான். புள்ளிகள் ஊர்கள், கோடுகள் தண்டவாளங்கள். ஆகக் குறைந்த கோடுகளை வெட்டி நாட்டை இரண்டாக்குவது எப்படி என்று கேட்டு, நடுப்புள்ளியில் ஓல்டன் என்று எழுதினான். அப்பா நிமிர்ந்தார். வீட்டுக் குசினி மேசையில் கடலையைப் பரப்பி ஜனார்த்தன் அவருக்கு விளங்கப்படுத்திய அதே ஓல்டன்.

“உது நீ சொன்னதெல்லோ?”

அம்மா அவருடைய கையைப் பிடித்து அமத்தினார். உதாரணம் மட்டுமில்லை, நிரூபணத்தின் உயிரான பகுதியும் ஜனார்த்தனுடையதுதான். தேர்வுக்குழுவும் அதை மறுக்கவில்லை. ஆய்வில் ஒரு குறையுமில்லையாம், வெளிநாட்டு அனுபவம்தான் போதாதாம். அகதியாக அம்மாவின் மடியில் எல்லை எல்லையாகக் கடந்து வந்தவனுக்குச் சொல்லுகிற காரணமா இது? நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

2012இல் கனடாவில் ஓர் ஆய்வுப்பணி தேடி வந்தது. அப்போது குடும்பத்தின் குடியுரிமை விண்ணப்பம் ஊர்ச்சபையில் கிடந்தது. இருந்த ஊரைவிட்டுப் போனால் எல்லாம் முதலில் இருந்து. “இந்த நாட்டுச் சிவப்புப் பாஸ்போட் கையில வரட்டும் தம்பி, பிறகு எங்கையும் போ. படிப்பு எங்க ஓடப்போகுது?” என்றார் அப்பா. ஜனார்த்தன் போகவில்லை. அந்த இடத்துக்குப் போனவன் மத்தியாஸ்.

உரை முடிந்ததும் எல்லோரும் இந்த நாட்டுப் பல்கலைக்கழக வழக்கப்படி, கை தட்டாமல், மடக்கிய விரல்களால் மேசையைத் தட்டினார்கள். பத்மநாதனும் தட்டினார். பிறகு பையில் இருந்து சரிகைக் கரை போட்ட பொன்னாடையை எடுத்தார்.

“இஞ்சேருங்கோ, வேண்டாம்,” என்றார் அம்மா.

“சபைக்கெண்டு கொண்டுவந்ததைத் திருப்பிக் கொண்டு போறதோ?”

மேடைக்குப் போய், நெடுவலான மத்தியாஸ் குனிந்து கொடுக்க, போர்த்திவிட்டார். மண்டபம் இன்னொரு தடவை தட்டியது. ஜனார்த்தனும் விரல் நோகத் தட்டினான்.

வெளியே வைனும் பாண் துண்டுகளும் வைத்திருந்தார்கள். பத்மநாதன் எதையும் தொடவில்லை. மகனை ஓரமாகக் கூப்பிட்டார்.

“ஏன் தம்பி உனக்குத் தரேல்லை? நாங்கள் கறுப்பெண்டோ?”

“இல்லை அப்பா.”

“பிறகென்ன? உண்மையைச் சொல்லு.”

உண்மை நாக்கு நுனியில்தான் நின்றது. ‘அப்ப நீங்கள்தானே போகவேண்டாம் எண்டனீங்கள்’ என்று ஏழு வருடக் கசப்பையும் ஒரே வசனத்தில் துப்பிவிடலாம். அப்பாவின் விரல்கள் திரும்பவும் கோட்டின் பொத்தானைக் கழற்றுவதைக் கண்டான்.

“அவர் என்னைவிடக் கெட்டிக்காரன், அப்பா.”

பத்மநாதன் நீளமாக மூச்சு விட்டார். “அப்ப சரி. கெட்டிக்காரனுக்குத்தானே குடுக்கோணும்,” என்றார். தட்டில் இருந்து இரண்டு பாண் துண்டுகளை எடுத்து, ஒன்றைக் கடித்துக்கொண்டே மற்றதை மனைவியிடம் நீட்டினார். தில்லைநாயகி அதை வாங்கவில்லை. மகனையே பார்த்துக்கொண்டு நின்றார்.