எர்ஹுவுக்கு இன்னும் வூஷி நேரம்

தாவ் போரென் சீனாவின் வூஷியிலிருந்து கனடாவின் ஸ்கார்பரோவுக்கு வந்து இறங்கிய நாளிலிருந்து, எர்ஹு என்ற அவருடைய இரட்டை நரம்பு வாத்தியம் காலையில் வாசித்தால் மாலையில்தான் சத்தம் கொடுத்தது. வில்லை இழுக்கும்போது இரண்டு நரம்பும் ஊமை. பன்னிரண்டு மணி நேரம் கழித்து, எந்த இடத்தில் உட்கார்ந்து வாசித்தாரோ அந்த இடத்திலிருந்து ஒரு சுரம் பிசகாமல் பாட்டு வரும். அப்போது அங்கே அவர் இருக்கிறாரா, எர்ஹுவாவது இருக்கிறதா என்பதெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. வாத்தியம் பழுதுபார்க்கும் கடைக்காரர் அதன் பாம்புத்தோலைத் தட்டிப் பார்த்தார், வில்லின் குதிரைமயிரை முகர்ந்தும் பார்த்தார். கோளாறு ஒன்றுமில்லை, இது இன்னும் வூஷி நேரத்தில் இருக்கிறது, போகப்போகச் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பினார். அந்தக் கடைக்காரரின் வயிறே வந்த புதிதில் மூன்று வருடம் ஊர் நேரத்துக்குத்தான் பசித்ததாம். போரெனின் எர்ஹுவுக்குப் பதினோரு வருடமாகியும் சரியாகவில்லை.

அவர் மகள் யுன்ஜி, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல்தான் அப்பாவை வரவழைத்தாள். பேரன் தவழ்ந்தான், நடந்தான், பள்ளிக்கூடம் போனான், தாத்தாவுடன் வூஷிப் பேச்சில் பேசுவதை ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திக்கொண்டான். பிறகு மருமகனுக்குக் கால்கரியில் வேலை கிடைத்து மூவரும் கிளம்பினார்கள். வீடு பார்த்ததும் கூப்பிடுகிறோம் என்றார்கள். வீடும் பார்த்தார்கள், படமும் அனுப்பினார்கள். அதில் எத்தனை அறை என்று போரென் பார்த்ததுண்டு, வாய்விட்டுக் கேட்டதில்லை. அவர் வாடகைக்குப் பிடித்த நிலவறையில் காலையில் வாசித்தது, மாலையில் அவர் கஞ்சி குடிக்கிற நேரத்துக்கு மூலையிலிருந்து கேட்கும். கீழே கிழவருக்கு யாரோ துணை வந்துவிட்டார்கள் என்று மேல்வீட்டுக்காரர்கள் நிம்மதிப்பட்டார்கள். மனிதருக்குத் தனிமை என்றால் அப்படி ஒரு தனிமை. தன் காலைப் பொழுதைத் தவிர வேறு விருந்தாளி வராத வீடு.

இந்த நிலைமையில்தான் கெங் சூயிங்கின் ஐவர் குழுவில் அவருக்கு இடம் கிடைத்தது. சூயிங் முடிவெட்டும் கடை வைத்திருப்பவள், குழல் வாசிப்பவள், அவள் நாக்கு அவள் கத்தரிக்கோலைவிடக் கூர்மை. ஞாயிறு மாலை ஒரு தேவாலயத்தின் கூடத்தில், தேநீர் வைத்த மேசையைச் சுற்றி உட்கார்ந்து, நரம்பும் குழலும் சேர்கிற, 'பட்டும் மூங்கிலும்' என்ற அவர்கள் ஊர்ப்பக்கத்துச் சங்கீதத்தை வாசிப்பார்கள். அந்தச் சங்கீதத்துக்குச் சுரம் எழுதிய தாளும் கிடையாது, தலைவரும் கிடையாது. எல்லோருக்கும் ஒரே மெட்டு. ஒருவர் அதைச் சுற்றிப் பின்னி ஜாலம் காட்டும்போது மற்றவர் ஒதுங்கி மெட்டின் வெறும் எலும்பை மட்டும் வாசிக்க வேண்டும், பிறகு இவர் ஒதுங்கி அவருக்கு வழிவிட வேண்டும். வழிவிடத் தெரியாதவன் எவ்வளவு பெரிய வித்துவானாக இருந்தாலும் அந்த மேசையில் அவனுக்குத் தேநீர் ஊற்ற மாட்டார்கள்.

போரென் என்ன செய்தார் என்றால், ஞாயிறு காலையிலேயே முதல் பேருந்தில் கூடத்துக்கு வந்துவிடுவார். பெருக்க வரும் பிலோமினா கதவைத் திறந்துவிடுவாள். நான்கு நாற்காலிகளை மேசையைச் சுற்றிப் போட்டு, காலி நாற்காலி ஒவ்வொன்றுக்கும் முறைப்படி வழிவிட்டு, சத்தமில்லாமல் வாசித்து முடிப்பார். மாலையில் நால்வரும் வந்து, வெறும் கையோடு உட்கார்ந்திருக்கும் அவர் பக்கத்திலிருந்து எழும் எர்ஹுவோடு சேர்ந்து வாசிப்பார்கள். வருடக்கணக்கில் இப்படித்தான் நடந்தது. சூயிங்குக்கு மட்டும் ஒரு குறை. அதைப் பொத்திவைக்கிற வழக்கம் அவளுக்கு இல்லை.

"நீங்க எங்களுக்கு எடம் விடுறீங்க தாவண்ணே, இல்லேங்கல. ஆனா போன வாரம் வந்தவங்களுக்கு விட்ட எடம் மாதிரி இருக்கு."

அது உண்மை என்று போரெனுக்கும் தெரியும். அந்த இலையுதிர் காலத்தில் ஓர் இளம்பெண் ஊரிலிருந்து வந்து சேர்ந்தாள். அவளிடமும் எர்ஹு இருந்தது, அது வாசித்த மாத்திரத்தில் ஒலித்தது. நவம்பர் முதல் ஞாயிறு கச்சேரி நடக்கட்டும், அதற்குப் பிறகு நாற்காலி யாருக்கு என்று பார்ப்போம் என்றாள் சூயிங். போரென் தலையாட்டினார். வீட்டுக்குப் போய்க் கஞ்சி வைக்க மறந்து உட்கார்ந்திருந்தார். அந்த நாற்காலியும் போய்விட்டால் ஞாயிற்றுக்கிழமைக்கும் திங்கட்கிழமைக்கும் அவருக்கு வித்தியாசம் இல்லை.

கச்சேரி நாளே இந்த நாட்டில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளும் நாள். பதினோரு வருடமாக அதைத் திருப்பாமலே விட்டு, குளிர்காலம் முழுக்க எதற்கும் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்ப் பூட்டிய கடைகளின் முன்னால் நின்று கேலிப்பட்டவர் போரென். இந்த முறை முந்தின நாளே கைக்கடிகாரத்தைத் திருப்பி வைத்தார், சுவர்க் கடிகாரத்தையும் திருப்பி வைத்தார். காலை சரியாக ஏழு மணிக்கு, மேடைக்கு ஏற்றிய மேசையைச் சுற்றிக் காலி நாற்காலிகளுக்கு முன்னால், தன் வாழ்நாளில் வாசித்ததிலேயே கவனமாக வாசித்தார்.

மாலை ஏழு மணிக்குக் கூடம் நிறைந்திருந்தது. சூயிங் குழலை எடுத்தாள். எர்ஹு வரவில்லை. நால்வரும் அவருக்கு வழிவிட்டுவிட்டு ஒதுங்கிய இடங்களெல்லாம் பல் விழுந்த வாய்போல வெறுமையாகக் கடந்து போயின. மேடையில் கைகளை முழங்காலில் வைத்து உட்கார்ந்திருந்த போரென் செத்தும் சாகாமல் இருந்தார். முதல் வரிசையில் அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். ஒரு மணி நேரம் கழித்து மரியாதைக்குக் கைதட்டிவிட்டு ஜனங்கள் குளிரங்கியில் கை நுழைக்கும்போது, மணி எட்டடித்தது, அவர் பக்கத்திலிருந்து எர்ஹு கிளம்பியது.

சூயிங் குழலைத் துடைப்பதை நிறுத்தினாள். "கடிகாரத்தத் திருப்பி வச்சீங்களா அண்ணே?"

"வச்சேனே. ரெண்டையும் வச்சேன்."

"அதான் விஷயம். நம்ம வூஷில எவன் திருப்பி வச்சான்? இப்ப பன்னண்டு இல்ல, பதிமூணு மணி நேரம்."

எர்ஹு பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தது. நான்கு வரி வாசித்துவிட்டு ஒதுங்கியது, யாரும் இல்லாத இடத்துக்கு வழிவிட்டு நின்றது, திரும்ப வந்தது, திரும்ப ஒதுங்கியது. ஒரு கை அங்கியின் உள்ளேயும் ஒரு கை வெளியேயுமாக ஜனங்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். காலி நாற்காலிகளுக்கு வாசித்த பாட்டு அது என்று யாரும் அவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. சூயிங் கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு மேசைக்குத் திரும்பி வந்து, அடுத்த இடைவெளியில் குழலை நுழைத்தாள். குழுவில் சந்தூர் வாசிப்பவர் வந்து உட்கார்ந்தார், மற்ற இருவரும் வந்தார்கள். போரென், யாரும் கேட்காமலே, தன் வில்லை எடுத்தார்.

பதினோரு வருடத்தில் முதல்முறையாக அவர் ஆட்கள் இருக்கும்போது வாசித்தார். ஒருவருக்கும் அது கேட்கவில்லை, அவருக்கும்தான். ஆனால் அவர் வில்லின் வீச்சு சுருங்கியதைக் கண்ணால் பார்த்துச் சூயிங் அந்த இடத்தில் குழலால் ஒரு பின்னல் போட்டாள். அவர் சிரித்துக்கொண்டே அதற்கு மேல் ஒன்று போட்டார். காலையில் வாசித்தது ஒரு பக்கம் ஒலிக்க, இப்போது வாசிப்பது மௌனமாகப் போய்க்கொண்டிருந்தது.

முடிந்ததும் சூயிங் அவர் கோப்பையில் தேநீர் ஊற்றினாள். நாற்காலியைப் பற்றிப் பேசவில்லை. அந்தப் பெண்ணுக்கு ஆறாவதாக ஒன்றைக் கொண்டுவரச் சொன்னாள்.

"இப்ப வாசிச்சது எப்ப வரும்?"

"நாளைக்குக் காலைல, ஒம்பது மணிக்கு."

"எனக்குக் கடை இருக்கே அண்ணே. வந்து கேக்க முடியாது."

"பரவால்ல. நான் கேட்டுட்டு வந்து சொல்றேன்."

திங்கட்கிழமை பிலோமினா கதவைத் திறந்துவிட்டாள். போரென் சுவரோரம் அங்கியைக் கழற்றாமல் உட்கார்ந்து, மனிதர்கள் நடுவில் தான் எப்படி வாசிப்பார் என்பதைக் கேட்டார். நன்றாகத்தான் இருந்தது. சூயிங் பின்னிய இடத்தில் எர்ஹு ஒதுங்கிக் காத்திருந்தது, குழல் இல்லை, கூடத்தில் வெப்பக் குழாய் மட்டும் முனகியது. அதன்பின் எர்ஹு சிரித்தது. போரென் முகத்தைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து குளிர்காலம் முழுக்க ஞாயிறு காலை அவர்களுக்காகவும் மாலை தனக்காகவும் வாசித்தார், திங்கட்கிழமை வந்து கேட்டார். பிலோமினா இப்போதெல்லாம் திங்கட்கிழமை ஒன்பது மணிக்குக் பாட்டுக்கு வழிவிட்டு, கூடத்தின் மறுகோடியிலிருந்து பெருக்க ஆரம்பிக்கிறாள்.