நர்ஸக்காவின் நடிப்பு

நர்ஸக்காவுக்கு நடிப்பு வராது என்று அந்த அறையில் இருந்த பதினோரு பேரும் ஒருமனதாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். ஆஸ்பத்திரி மாடியில், பழைய ஃபைல் கட்டுகளை மூலைக்குத் தள்ளிவிட்டு நடந்த மனநல ஆலோசகர் பயிற்சியின் மூன்றாம் நாள் அது. தலைமை அலுவலகத்திலிருந்து வந்த மேடம் ஆளுக்கொரு அட்டை கொடுத்திருந்தார். ஒருவர் அட்டையில் இருப்பவராக நடிக்க வேண்டும். எதிரில் இருப்பவர் ஆறுதலாகப் பேசிப் பழக வேண்டும். நர்ஸக்காவின் அட்டைப்படி, தனியாக ஃபிளாட்டில் வசிக்கும் பெண் ஒருத்தி, "நான் மனச்சோர்வில் இருக்கிறேன். எனக்கு என்மீதே மதிப்பில்லை" என்று சொல்ல வேண்டும். பஸ் நிலைய அறிவிப்பு மாதிரி அதை வாசித்து முடித்தாள். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது.

"இப்படி யாரு மேடம் பேசறா? நம்மகிட்ட வர்றவங்க தலைவலின்னுதான் ஆரம்பிப்பாங்க" என்றாள் பயிற்சிக்கு வந்திருந்த மருந்துக்கடை மருமகள்.

மேடம் கோபித்துக்கொள்ளவில்லை. நல்ல மனுஷி. "வாஸ்தவம்தான். இது எங்கயோ உட்கார்ந்து எழுதினது. உங்க ஜனங்க எப்படிப் பேசுவாங்களோ அப்படியே செஞ்சு காட்டுங்க."

வினை அங்கேதான் ஆரம்பித்தது. நர்ஸக்காவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நானே இன்னொரு தடவை செய்யறேன் மேடம்" என்று எழுந்தாள்.

போன மாதம் ஒரு பெண் அவளிடம் மனசைத் திறந்து கொட்டியிருந்தாள். கையில் சுலபமாகக் கிடைத்தது அதுதான். பெயரைச் சொல்லவில்லை. வயதில் பத்தைக் கூட்டினாள், பெண் குழந்தையை ஆண் குழந்தையாக்கினாள். ரகசியத்தைக் காப்பாற்றிவிட்டதாக அம்மணிக்கு நினைப்பு.

"தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது" என்று நாற்காலி நுனியில் உட்கார்ந்து தொடங்கினாள். "பையன் பொறந்த அன்னிக்கே போயிட்டான். வீட்டுல அதப் பத்தி வாயே திறக்கக் கூடாதுங்கறாங்க. அவனுக்கு வாங்கின சட்டையெல்லாம் வாரா வாரம் துவைச்சுக் காயப் போடறேன். கேட்டா, எங்க அக்கா குழந்தையோடதுன்னு சொல்லி வச்சிருக்கேன்." பிறகு முகத்தை மூடிக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள்.

கைதட்டல் காதைப் பிளந்தது. மேடமே கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இதத்தான் கேட்டேன்! இதையே புது அட்டையா எழுதிடலாம்." நர்ஸக்காவுக்கு உச்சி குளிர்ந்தது.

மருந்துக்கடை மருமகள் மட்டும் கைதட்டவில்லை. பக்கத்து வீட்டுக் கொடியில் அந்தக் குட்டிச் சட்டைகளை வாரா வாரம் பார்ப்பவள் அவள். "ஐயோ, இது நம்ம..." என்றவள் வாசலைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

வாசலில் டீத் தட்டோடு கேன்டீன் பொண்ணு நின்றிருந்தாள். அந்தப் பக்கத்து வீட்டுக்காரி அவள்தான்.

உள்ளே வந்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் எல்லோருக்கும் டீ கொடுத்தாள். நர்ஸக்காவுக்கும் கொடுத்தாள். வெறும் தட்டோடு இறங்கிப் போனாள்.

நிலம் பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது நர்ஸக்காவுக்கு. மேடம் பேனாவைத் திறப்பதைப் பார்த்ததும் எழுந்தாள். "எழுதாதீங்க மேடம். அது என்னை நம்பி ஒருத்தி சொன்னது." மேடம் பேனாவை மூடினார். யாராவது காறித் துப்பியிருந்தால்கூடத் தேவலை. பதினோரு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

கீழே கேன்டீன் பொண்ணு டம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். நர்ஸக்கா பக்கத்தில் போய் நின்றாள்.

"சாயந்திரத்துக்குள்ள மாமியார் காதுக்குப் போயிடும்" என்றாள் அவள், திரும்பாமலே. "சட்டையெல்லாம் இனிமே வீட்டுல இருக்காது."

"என்னை நல்லா நாலு திட்டு திட்டிடும்மா. மேடம் கேட்டாங்கன்னு புத்தி கெட்டுப்போய், உன்ன மாதிரியே..."

"என்ன மாதிரின்னு மட்டும் சொல்லாதீங்கக்கா." இப்போதுதான் அவள் நிமிர்ந்தாள். கண்கள் காய்ந்து கிடந்தன. "நான் எங்க அழுதேன்? அழுகையே வர மாட்டேங்குது, என்ன செய்யறதுன்னு கேட்கத்தானே உங்ககிட்ட வந்தேன்?"

அன்றைக்கு அவளுக்குத் தான் சொல்லி அனுப்பிய ஆறுதல் நர்ஸக்காவுக்கு நினைவு வந்தது. கையைப் பிடித்துக்கொண்டு, "அழாதம்மா, அழாதம்மா" என்று திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தாள்.