கழுவிய சீட்

லரிசா ஈரத்துணியைப் பிழிந்து, குழந்தை சீட்டின் வாரை மேலிருந்து கீழாக இன்னொரு முறை துடைத்தாள். நீலக்கறை போனபாடில்லை. காலையில் மகள் ஸீனா ஒரு கிண்ணம் புளுபெரிப் பழமும் பாலும் சாப்பிட்டிருந்தாள். டவுனில் பூ வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில் அத்தனையையும் காரில் மாட்டியிருந்த இந்தச் சீட்டிலேயே கக்கிவிட்டாள். ரெண்டு வயசுப் பிள்ளையை என்ன சொல்ல முடியும்? இருந்தாலும் தாத்தாவை அடக்கம் செய்கிற நாளில்தானா இது நடக்க வேண்டும் என்று லரிசாவுக்கு அலுப்பாக வந்தது.

சீட்டின் உறையைக் கழற்றித் துவைத்து, ஹீட்டர் காற்று வரும் இடத்தில் தொங்கவிட்டாயிற்று. வாரைப் பூட்டும் பக்கிளை வெந்நீரில் அலசியாயிற்று. வார்களைத்தான் ஜாக்கிரதையாகப் பார்க்க வேண்டும். ஊறவைக்கக் கூடாது, பிரஷ் போட்டுத் தேய்க்கக் கூடாது, பிளீச் பக்கமே போகக் கூடாது. லேசான சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து மேலாகத் துடைத்து, தானாகக் காயவிட வேண்டும். கார் எதிலாவது மோதினால் பிள்ளையைப் பிடித்து நிறுத்துவது அந்த நூல்தான். நூல் பலம் இழந்தால் கண்ணுக்குத் தெரியாது.

குளிர்காலம் முழுக்க அவள் அப்பாவைத் துடைத்துக்கொண்டுதான் இருந்தாள். வாய், முதுகு, படுக்கை விரிப்பு. கணவனை விட்டு வந்த பிறகு அவளுக்கும் வேறு போக்கிடம் இல்லை, அப்பாவைத் தூக்கிப் பார்த்துக்கொள்ள அம்மாவுக்கும் பலம் இல்லை. இப்போது அவர் போய்விட்டார். படுத்துத் தூங்கினால் போதும் என்று இருந்தது, அழுவதற்குக்கூடத் தெம்பு இல்லை. பண்ணையிலிருந்து சர்ச்சுக்கு நாற்பது கிலோமீட்டர். இரண்டு மணிக்குப் பூசை. கல்லறை வரைக்கும் அப்பாவோடு போய்விட்டு வந்துவிட வேண்டும், அவள் கேட்டது அது ஒன்றுதான்.

"லரிசா! இந்த ஜிப்பை வந்து இழுத்து விடு. ஊரே வந்து நிக்கும்போது நான் முதுகைக் காட்டிட்டு நிக்கணுமா?" உள்ளேயிருந்து அம்மா எல்ஸி கத்தினாள்.

ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. கறுப்பு உடை அம்மாவுக்கு இறுகிப்போயிருந்தது. இழுத்துப் பிடித்து, சோப்புத் தடவி, ஒருவழியாக ஏற்றிவிட்டு முன்னறைக்கு வந்தால் சீட்டைக் காணவில்லை. வாளி மட்டும் இருந்தது. வெளியே டிராக்டர் ஷெட்டிலிருந்து கர்ரென்று பம்ப் ஓடும் சத்தம் கேட்டது.

"ஐயோ, வேண்டாம்!" அவள் செருப்புக்கூட மாட்டாமல் சேற்றில் ஓடினாள்.

அண்ணன் டார்சி அடக்கத்துக்குப் போட்ட நல்ல பேன்ட்டை ரப்பர் பூட்ஸுக்குள் செருகியிருந்தான். ஷெட்டின் நடுவே சீட்டைக் கவிழ்த்துப் போட்டு, கலப்பைச் சேற்றை அடித்துக் கழுவுகிற பிரஷர் பம்பால் பொழிந்து தள்ளிக்கொண்டிருந்தான். இஞ்சின் கிரீஸ் எடுக்கிற மருந்தின் நாற்றம் மூக்கைத் துளைத்தது.

"பாரு, புதுசு மாதிரி ஆயிடுச்சு. நீ காலையிலேர்ந்து துணியை வெச்சுத் தடவிட்டிருக்கே." அவன் முகத்தில் பெருமை.

லரிசா வாரைத் தொட்டுப் பார்த்தாள். ஓரத்தில் நூல் பஞ்சு பஞ்சாக எழும்பியிருந்தது. முதுகுப் பக்கத்து நுரைப்பலகை பிய்ந்து தொங்கியது.

"போச்சு."

"என்ன போச்சு? சுத்தமா இருக்கா இல்லையா?"

"இது என்ன கலப்பையா, டார்சி? பெல்ட்டு நைஞ்சு போச்சு. மருந்து வேற ஊத்தியிருக்கே. இனிமே இதுல பிள்ளையை உக்கார வெக்க முடியாது. தூக்கித்தான் போடணும்."

"ஒரு பெல்ட்டுக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டமா?"

"எனக்கு இருக்கிறது ஒரே பிள்ளை."

அம்மாவும் பூட்ஸை மாட்டிக்கொண்டு வந்துவிட்டாள், இடுப்பில் ஸீனா. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இவ்ளோதானா?" என்றாள். "உன்னை ஆஸ்பத்திரிலேர்ந்து ஆப்பிள் பெட்டியில வெச்சுத்தான் கொண்டாந்தோம். அதுவும் ஜனவரியில. உங்கப்பா ஒரு கையால வண்டி ஓட்டினார், இன்னொரு கையால பெட்டியைப் பிடிச்சுக்கிட்டார். நீ செத்தா போயிட்டே? மடியில வெச்சுக்க, போலாம்."

"முடியாதும்மா. ரோட்ல நிழல் விழற இடமெல்லாம் இன்னும் ஐஸ்."

"அப்போ அப்பாவை அனுப்ப வரமாட்டே?"

அந்தக் கேள்வி நேராக நெஞ்சில் வந்து விழுந்தது. சீட்டை இரவல் கேட்கலாம் என்றால், அக்கம்பக்கத்துப் பண்ணைகளில் பிள்ளைகளெல்லாம் வளர்ந்து கல்லூரிக்குப் போய்விட்டார்கள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளைக் கேட்கலாம் என்றால், பெண்கள் அத்தனை பேரும் அடக்கத்துக்கு வருகிறவர்களின் சாப்பாட்டுக்காகக் காலையிலேயே சர்ச்சின் கீழ்த்தளத்தில் முட்டைக்கோஸ் இலையில் சோறு வைத்துச் சுருட்டப் போய்விட்டார்கள். டார்சி சவப்பெட்டியைத் தூக்குகிற ஆறு பேரில் ஒருவன். மிச்சம் யார்? எப்போதும் மிச்சம் இருப்பவள்தான்.

"நீங்க போங்க. நான் இருக்கேன்" என்றாள் லரிசா. இத்தனை மாதம் பார்த்தாயிற்று, கடைசி ஒரு மணி நேரம் கொடுத்துவைக்கவில்லை.

டார்சி பம்பை அணைத்தான். "நான் இருக்கேன். நீ போ."

"என்னது?" என்றாள் அம்மா.

"பிள்ளையை நான் பாத்துக்கறேன். லரிசா போகட்டும்."

"உனக்கென்ன புத்தி பிசகிடுச்சா? ஒரே ஆம்பளப் பிள்ளை. அப்பன் பெட்டியைத் தூக்காம வீட்ல உக்காந்து டயப்பர் மாத்துவியா? நான் அங்க எப்படி முகத்தைக் காட்டறது?"

லரிசா அவனையே பார்த்தாள். அப்பாவுக்கு முடியாமல் போன நாளிலிருந்து இவன் தூரத்தில், ஆல்பர்ட்டாவில் எண்ணெய்க் கிணறு, ஷிப்டு, லீவு இல்லை என்று நாளைக் கடத்தியவன். அவர் போவதற்கு முந்தின நாள்தான் வந்து சேர்ந்தான். இப்போதும் நழுவப் பார்க்கிறானோ என்று அவளுக்கு எரிச்சல் பொங்கியது.

"வேணும்னேதான் பண்ணினியா?" என்று கேட்டாள்.

"இல்ல. சத்தியமா இல்ல. சும்மா உக்கார முடியல, ஏதாவது செய்யணும்னு இருந்துச்சு, எடுத்துட்டு வந்துட்டேன்." அவன் கையிலிருந்த குழாய் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. "ஆனா சீட்டு போச்சுன்னு நீ சொன்னே பாரு, அப்பத்தான் எனக்கு மூச்சே வந்துச்சு."

ஸீனா தண்ணியைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

"அன்னிக்கு நான் அவர் ரூமுக்குள்ள போனப்போ அப்பா என்ன சொன்னார் தெரியுமா? 'லாரியைப் பின்னால எடுப்பா, கோதுமை அந்தப் பக்கம் கிடக்கு'ன்னார். என்னை ஏதோ லாரிக்காரன்னு நெனச்சார். உன்னை மட்டும் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அவரை நான் எந்த மூஞ்சியோட தூக்கறது, லரிசா? என்னால முடியாது."

அவனை அடிக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் அவளிடம் தெம்பில்லை. "மத்தியானம் சூப் குடு. புளுபெரி குடுத்துத் தொலைக்காதே" என்று மட்டும் சொல்லிவிட்டு, சேற்றுக் காலைக் கழுவப் போனாள்.

வழி முழுக்க அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி, உருகாமல் திட்டுத் திட்டாகக் கிடந்த பனியைப் பார்த்துக்கொண்டு வந்தாள். பின்சீட்டு காலியாக இருந்தது. பழக்கத்தில் லரிசா ரெண்டு முறை கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டாள்.

சர்ச் வாசலில் பெட்டி வந்த கறுப்பு வண்டியின் பின்கதவு திறந்திருந்தது. பக்கத்துப் பண்ணை வால்ட்டரும் மற்ற நாலு பேரும் கையுறை மாட்டிக்கொண்டு தயாராக நின்றார்கள்.

"டார்சி எங்க?" என்றார் வால்ட்டர். "ஒரு ஆள் குறையுதே. என் மச்சானைக் கூப்பிடவா?"

லரிசா அம்மாவைப் பார்த்தாள். அம்மா கைப்பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள்.

"யாரையும் கூப்பிட வேணாம், வால்ட்டர். என் பொண்ணு தூக்குவா."

"எல்ஸி, பெட்டி ஓக்கு மரம். கனம் ஜாஸ்தி."

"குளிர்காலம் பூரா இவதான் அவரைத் தூக்கினா. அப்போ நீங்க யாரும் வந்து கனம் பாக்கல."

வால்ட்டர் ஒதுங்கி இடம் விட்டார். லரிசா கோட்டுக் கையை ஏற்றிவிட்டுக்கொண்டு, தலைமாட்டுப் பக்கம் போய் நின்று கைப்பிடியைப் பற்றினாள். பித்தளை ஜில்லென்றிருந்தது. தன்னையறியாமல் காலை அகற்றி வைத்து, முட்டியை மடக்கி, முகத்தைப் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"ரெடியாப்பா? ஒண்ணு, ரெண்டு..." என்றாள், படுக்கையிலிருந்து அவரைத் தூக்கும்போது சொல்கிற குரலில்.

ஐந்து ஆண்களும் மூணுக்காகக் காத்திருந்தார்கள்.