நறுக்கிப் பார்த்த கத்திரிக்காய்

விதை வங்கிக்காகப் பழைய கத்திரி வகைகளை வரைந்துகொண்டிருந்தாள் ஓவியக்காரி. இருபத்தாறு முடிந்திருந்தன. இருபத்தேழாவது வகையில் காய்த்ததே ஒன்றுதான். அதை விதை வங்கி அதிகாரி கைக்குழந்தையைப் போல ஏந்திவந்து கொடுத்தார்.

"வரைஞ்சதும் அப்படியே திருப்பிக் குடுத்துடுங்கம்மா. விதை எடுக்கணும். செடி பட்டுப்போச்சு."

மூன்று நாளில் மஞ்சள் தோலில் ஓடிய பச்சை வரி, காம்பின் முள் எல்லாம் தாளில் வந்துவிட்டன. உள்ளே எப்படி இருக்குமோ, கத்தி வைக்க அவளுக்குத் துணிவில்லை.

நான்காம் நாள் ஃபிரிட்ஜைத் திறந்தால் காயைக் காணோம். கால் ஒடிந்து படுத்திருந்த அண்ணனைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த நாத்தனார் சமையலறையில் கத்தியும் கையுமாக நின்றாள். பலகையில் காய் இரண்டு பாதியாகக் கிடந்தது.

ஓவியக்காரி விவரம் சொல்லச் சொல்ல, நாத்தனாரின் முகம் பேயறைந்தது போலாயிற்று.

"தெரியாம கைவச்சுட்டேன் அண்ணி. ஒரே விதையா இருக்கே, சமைக்க ஆகாதேன்னு யோசிச்சுக்கிட்டு நின்னேன்."

திட்ட வாயெடுத்தவள் வெட்டிய பாதியைக் குனிந்து பார்த்தாள். வெண்சதைக்குள் விதைகள் வளைவளைவாக அடுக்கிவைத்ததுபோல் இருந்தன. தோலை ஒட்டி மெல்லிய பச்சை வளையம். வேறெந்தக் காயிலும் அவள் அதைப் பார்த்ததில்லை. ஆனால் ஓரம் பழுப்பேறத் தொடங்கியிருந்தது.

"கறுத்துப்போகுதே."

"நீங்க பிரஷ்ஷ எடுங்க. கறுக்காம நான் பாத்துக்கறேன்" என்று எலுமிச்சம்பழத்தை எடுத்தாள் நாத்தனார்.

ஒருத்தி வரைய, ஒருத்தி சாறு தடவ, பொழுது உச்சிக்கு வந்தது. "இன்னைக்குச் சாப்பாடு உண்டா?" என்று உள்ளேயிருந்து வந்த குரலை இருவரும் காதில் வாங்கவில்லை. பிறகு இருவருமாக விதைகளைக் கழுவி, தண்ணீரில் மூழ்கியதை மட்டும் அள்ளிக் காயவைத்தார்கள்.

அதிகாரியிடம் ஓவியக்காரி நடந்ததை மறைக்காமல் சொன்னாள். அவர் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"இந்த வளையத்த இதுவரைக்கும் யாருமே குறிச்சு வைக்கலம்மா. இனிமே இந்த வகைய அடையாளம் சொல்ல இது ஒண்ணே போதும்."

மூன்று வாரத்தில் விதை வங்கியில் தட்டு நிறைய நாற்று தலைகாட்டியது.

கண்காட்சியில் அந்தப் படத்தின் கீழே வரைந்தவர் பெயரோடு, நறுக்கியவர் என்று நாத்தனாரின் பெயரும் இருந்தது.

"எதுக்கு அண்ணி இதெல்லாம்? மானம் போகுது."

"நீ கை வைக்கலேன்னா எனக்கு இந்தப் படமே இல்ல" என்று அவள் கையைப் பற்றிக்கொண்டாள் ஓவியக்காரி.

அன்று மாலை வரை நாத்தனார் அந்தப் படத்தை விட்டு நகரவே இல்லை. வந்தவர்களுக்கெல்லாம் தான் எப்படி நறுக்கினேன் என்று விளக்கிக்கொண்டிருந்தாள்.