நாக்கடியில் கரையும் மாத்திரை

1

இந்தக் கதை ஒரு தப்பான கேள்வியில் பிறந்தது. கோவையில் ஒரு மருத்துவமனை. வலி மாத்திரைக்கு அடிமையானவர்களைப் பார்க்கும் பிரிவு. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம், "யாருக்குத் துணையா வந்தீங்க?" என்று கேட்டேன்.

"ஆருக்கும் இல்லீங்க. எனக்குத்தான்" என்றாள்.

அவள் சொன்னது பாதி, நான் சேர்த்தது பாதி. அப்படித்தான் மெர்சி உருவானாள்.

2

முதல் தொடக்கம்: "போதையின் இருண்ட குகைக்குள் மெர்சி..."

(அடித்துவிட்டேன். அவளுக்குக் குகை எதுவும் இல்லை. அன்னூரில் ஒரு ஓட்டு வீடும், காலை ஏழு மணிக்கு வரும் கம்பெனி வேனும்தான்.)

மறுபடி தொடங்குகிறேன். மெர்சி பனியன் கம்பெனியில் துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் டெய்லர். இரண்டு வருடம் முன்பு இடுப்பு வலிக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். சீட்டு முடிந்தும் மாத்திரை முடியவில்லை; ஒரு மருந்துக்கடையில் சீட்டே கேட்காமல் கொடுத்தார்கள். ஒன்று நாலாகி, நாலு பன்னிரண்டானது. வலி எப்போதோ போயிருந்தது. ஆனால் மாத்திரை இல்லாவிட்டால் மூக்கு ஒழுகி, உடம்பு நடுங்கி, எலும்பெல்லாம் முறுக்கி, நிற்கவே முடியாது. ஒரு செவ்வாய்க்கிழமை மெஷின் மேலேயே வலிப்பு வந்து சாய்ந்தாள். கணவன் பிரான்சிஸ் அன்றுதான் அவள் பையைத் திறந்து பார்த்தான்.

3

(இங்கே இந்தப் பழக்கத்தை விடக் கொடுக்கும் மூன்று மருந்துகளையும் ஒப்பிட்டு ஓர் அட்டவணை போட்டிருந்தேன். எடுத்துவிட்டேன். அந்தப் பிரிவின் டாக்டர் ரிஃபானாவே சொல்லட்டும்.)

"மெத்தடோன் குடிக்கிற மருந்துங்க. ஏக்கத்த நல்லா அடக்கும். ஆனா தெனமும் இங்க வந்து எங்க முன்னாலதான் குடிக்கணும்."

வேன் தன்னை விட்டுவிட்டுப் போவது மெர்சியின் கண்ணில் தெரிந்தது.

"பியூப்ரெனார்ஃபின் நாக்குக்கடியில வெச்சுக்கறது. அதுவும் உங்க வலி மாத்திர வகைதான். ஆனா போதை ஒரு அளவுக்கு மேல ஏறாது, நடுக்கம் நிக்கும். கொஞ்ச நாள் வந்து போனா, அப்புறம் வீட்டுக்கே கொண்டுபோகக் கையில குடுப்போம். நால்ட்ரெக்சோன் வேற மாதிரி. போதையே ஏறாம அடைச்சுப்போடும். அதுக்கு முன்னால ஏழு, பத்து நாள் எதையும் தொடாம இருக்கணும்."

"கடைசிதானுங்க சரி" என்றான் பிரான்சிஸ். "மாத்திரய உடறதுக்கு மாத்திரயே குடுத்தா எப்படிங்க?"

"நீங்க என்ன சொல்றீங்க, மெர்சி?"

"அவரு சொல்றதே இருக்கட்டுங்க." கணவன் முகத்தைப் பார்க்க முடியாமல்தான் அப்படிச் சொன்னாள்.

டாக்டர் வாந்திக்கும் வலிக்கும் பழக்கமாகாத மருந்து எழுதிக் கொடுத்து, "தாங்க முடியலீன்னா ஒடனே வந்துருங்க. நடுவுல பழைய அளவ மட்டும் போட்டுறாதீங்க, பழக்கம் விட்ட ஒடம்பு தாங்காது, உசுருக்கே ஆபத்து" என்றார்.

4

நாலாவது நாள். மூன்று நாளும் பிரான்சிஸ் அவளுக்குக் கஞ்சி ஊட்டினான், கால் பிடித்துவிட்டான். அன்று அவன் வேலைக்குப் போனதும் மெர்சி மருந்துக்கடைக்கு நடந்தாள்.

(முதல் வரைவில் அதை அவள் கணவனிடம் மறைப்பதாக எழுதினேன். திருப்பம் நன்றாகவே வந்தது. ஆனால் இரண்டு வருடம் மறைத்தவளுக்கு மறைப்பது பழக்கம். சொல்வதுதான் புதிது.)

சாயங்காலம் அவன் வந்ததும் வராததுமாக மாத்திரை அட்டையை நீட்டினாள். "ஏனுங்க, மூணு போட்டுட்டேன். மிச்சம் இந்தாங்க."

பிரான்சிஸ் கோபத்தில்...

(இல்லை. அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து அழுதான்.)

"எனக்குத்தான் அவசரம், அம்மணி. உன்னய ஒரு வார்த்த கேக்கல."

"நாக்குக்கடியில வெக்கறதே எனக்குப் போதுங்க. நடுங்காம உக்காந்து தைக்கோணும், அவ்வளவுதான்."

மறுநாள் மருத்துவமனையில், நடுக்கம் நன்றாகத் தொடங்கும்வரை காக்க வைத்த பிறகே டாக்டர் நாக்கடியில் வைக்கும் முதல் மாத்திரையைக் கொடுத்தார்; பழைய மாத்திரை உடம்பில் இருக்கும்போதே கொடுத்தால் நடுக்கம் இன்னும் மோசமாகும். ஒரு மணி நேரம் கழித்து, "பசிக்குதுங்க" என்றாள் மெர்சி.

5

எட்டு மாதம் ஆகிறது. மெர்சி மறுபடி ஓவர்லாக்கில் உட்காருகிறாள். வலிப்பு வரவில்லை. மாத்திரை தொடர்கிறது.

அவள் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டதாக ஒரு முடிவு எழுதினேன். அது பிரான்சிஸுக்குப் பிடித்திருக்கும். மறுபடி விழுந்ததாக ஒன்றும் எழுதினேன். அது பத்திரிகைக்குப் பிடித்திருக்கும். இரண்டும் இங்கே இல்லை. நடந்தது இவ்வளவுதான்:

"எப்ப நிறுத்தறதுன்னு டாக்டரு ஏதாச்சும் சொன்னாங்களா?" என்று பிரான்சிஸ் கேட்டான்.

"அவசரமில்லீன்னாங்க. ஞாயித்துக்கெழம சர்ச்சுல பூச முடியற வரைக்கும் நடுவுல எந்திரிச்சுப் போகாம இருந்தேன். பாத்தீங்களா?"

"பாத்தேன்" என்றான்.

இனி அவள் அளவைக் குறைப்பாளா, ஆயுள் முழுக்க வைத்துக்கொள்வாளா, எனக்குத் தெரியாது. அந்த வரியை நீங்களே எழுதிக்கொள்ளலாம். எழுதும் முன் அவளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.