கடிக்காத இனம்

அந்தச் சனிக்கிழமை மதியம் டோர்ட்முண்ட் நகரின் அந்த மூன்றாம் மாடி வீட்டில் இருந்தவர்கள்: பார்சல் கிடங்கில் வேலை பார்க்கும் தோர்ஸ்டன், அவர் மனைவி ஸில்கே, ஏழு வயது மகள் ஃப்ரீடா, நாய்க் காப்பகத்திலிருந்து போன நான், கார்லோ என்ற கோல்டன் ரெட்ரீவர். இந்த ஐந்து பேரில் பொய் சொல்லத் தெரியாதது கார்லோ மட்டும்தான்.

எங்கள் காப்பகத்தில் கேட்டதும் நாயைக் கொடுத்துவிட மாட்டார்கள். முதலில் ஒருவர் நாயோடு போய் வீட்டைப் பார்த்துவிட்டு வர வேண்டும். பதினொரு வருடமாக அந்த ஒருவர் நான். ஜனங்கள் பால்கனிக் கம்பியைக் காட்டுவார்கள், வீட்டுக்காரரின் சம்மதக் கடிதத்தைக் காட்டுவார்கள். நான் நாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். மனிதர்கள் எழுதிக் கொடுப்பதை நம்புவதில்லை. கார்லோவைக் கொண்டுவந்து விட்டவர்கள், காரணம் என்ற இடத்தில் 'குழந்தைக்கு ஒவ்வாமை' என்று எழுதியிருந்தார்கள். அந்த வீட்டில் குழந்தையே இல்லை என்று பிறகு தெரிந்தது.

தோர்ஸ்டனைக் கண்டதுமே எனக்குப் பிடிக்கவில்லை. கழுத்து வரை பச்சை குத்தியிருந்தார். கதவைத் திறக்கும்போதே கூச்சல்.

"வாடா கார்லோ! ஷூவக் கழட்டிட்டு வா. இங்க சட்டம் எல்லாம் எங்க மேடம் போட்டது!" என்று நாயிடம் சொல்லிவிட்டுத் தானே சிரித்தார்.

பிரச்சினை இந்த ஆள்தான் என்று நினைத்துக்கொண்டேன். நாய் எப்போது ஒடுங்கும் என்று காத்திருந்தேன். அது ஒடுங்கவில்லை. அவர் தொடையில் தன் எடை முழுவதையும் சாய்த்து நின்றது.

ஸில்கே மெதுவாகப் பேசுகிறவர். காப்பியும் பிளம் கேக்கும் வைத்துவிட்டு ஒரு நோட்டைத் திறந்தார். அளவுகோல் வைத்துக் கட்டம் போட்டு, பதினாறு இனங்களுக்கு மதிப்பெண் கொடுத்திருந்தார்.

"டாக்ஸ்ஹுண்ட் பிடிவாதமாம். ஷெப்பர்ட் ஒரே ஆள்கிட்டதான் ஒட்டுமாம், மத்தவங்கள முறைக்குமாம். அது வேணாம். ரெட்ரீவர் எதையும் மனசுல வச்சுக்காதுன்னு போட்டிருக்கு. என்ன பண்ணாலும் திருப்பிக் கடிக்காதாமே?"

"என்ன பண்ணாலும்னா?"

"சின்னப் பசங்க வாலப் புடிச்சு இழுக்கும் இல்லையா?"

"இனத்த வச்சு சொல்ல முடியாதுங்க. எல்லா நாய்க்கும் பல்லு இருக்கு."

"எங்க மாமியாருக்கு அதுகூட இல்ல. இருந்தும் கடிக்கிறாங்க," என்றார் தோர்ஸ்டன். ஸில்கே சிரிக்கவில்லை.

அப்போதுதான் ஃப்ரீடாவின் தட்டிலிருந்து கேக் துண்டு வழுக்கி, க்ரீமோடு கம்பளத்தில் விழுந்தது. ஸில்கேவின் குரல் கொஞ்சமும் உயரவில்லை.

"பரவாயில்ல கண்ணு. அப்பா வேலைக்குக் கிளம்பட்டும். அப்புறம் பேசிக்கலாம்."

சொல்லிக்கொண்டே கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். அவ்வளவுதான். கார்லோ வாயைப் பிளந்து கொட்டாவி விட்டது. மூக்கை நக்கிக்கொண்டது. எழுந்து, கேக்கைச் சுற்றிக்கொண்டு போய், தோர்ஸ்டனின் நாற்காலிக்குப் பின்னால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுத்துவிட்டது.

"எவ்வளவு சாது பாருங்க," என்றார் ஸில்கே.

தூக்கக் கலக்கத்தில் வரும் கொட்டாவி வேறு, பயத்தில் வரும் கொட்டாவி வேறு. கீழே விழுந்த க்ரீமைத் தொடாமல் விலகிப் போகும் ரெட்ரீவரை நான் அதுவரை பார்த்ததில்லை. ஃப்ரீடா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நாய் படுக்கப்போகும் இடத்தைக் காட்டச் சொன்னேன். அவள் தன் அறைக்குக் கூட்டிப்போனாள்.

"இங்கதான். கதவ ஒட்டி."

"கட்டில் பக்கத்துல வேணாமா?"

தலையாட்டி மறுத்தாள். கூடத்துப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, உதடு அசைவது தெரியாமல் கேட்டாள்:

"உங்க எடத்துல கடிக்கிற நாய் எதுவும் இல்லையா?"

நான் எதையும் கண்ணால் பார்க்கவில்லை. ஒரு கொட்டாவி, ஒரு கைக்கடிகாரம், ஒரு கேள்வி. நாய் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே போதும், திருப்பிக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். குழந்தைகள் நல அலுவலகத்துக்குப் போன் செய்யலாம்தான். செய்து, நாய் கொட்டாவி விட்டது என்றா சொல்வது?

கூடத்துக்குத் திரும்பி, "கார்லோ இந்த வீட்டுக்குச் சரிப்படாது," என்றேன்.

தோர்ஸ்டன் எழுந்துவிட்டார். "ஏன்? என் கழுத்தப் பாத்தா ரவுடி மாதிரி இருக்கா? மூஞ்சிக்கு நேரா சொல்லுங்க."

ஸில்கே என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மனதில் இருப்பதை அவர் எதிரில் சொன்னால், நான் போன பிறகு அதை யார் அனுபவிப்பார்கள் என்று யோசித்தேன்.

"அப்படியே வச்சுக்குங்க," என்றேன்.

"விடு தோர்ஸ்டன், வேற காப்பகமா இல்ல," என்று ஸில்கே அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார். ஃப்ரீடா அழவில்லை. நாயைத் தொடவும் இல்லை. கேக் விழுந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தோர்ஸ்டனுக்கு இரண்டு மணிக்கு ஷிஃப்ட். சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு என்னோடும் கார்லோவோடும் வெளியே வந்தார்.

"மூணு மாசமா நாள் எண்ணிட்டு இருந்தா என் பொண்ணு," என்றார் படியில். கூச்சல் போன பிறகு அவர் குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. "உங்களுக்கெல்லாம் ஆளப் பாத்ததும் தெரிஞ்சிடும், இல்ல?"

இரண்டு படி இறங்கினேன். நின்றேன்.

"இன்னைக்கு நீங்க வேலைக்குப் போகாம இருக்க முடியுமா?"

"எதுக்கு?"

அவருக்குப் பின்னால் கதவு சத்தமில்லாமல் மூடியது. சாவி ஒரு சுற்றுச் சுற்றியது. பிறகு இன்னொரு சுற்று.