கொப்புளமில்லாத கை

அடியில் இரண்டு தினுசு உண்டு என்பது தெய்வநாயகிக்குச் சேலத்து வக்கீல் வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது. வாங்கியவனுக்கு எல்லா அடியும் அடிதான். சர்க்கார் சட்டத்துக்கு அப்படி இல்லையாம். அதில் சாதாக் காயம் ஒன்று, கொடுங்காயம் ஒன்று. முதலாவதற்கு அபராதம், இரண்டாவதற்கு ஜெயில்.

"எலும்பு முறியணும்மா. இல்லேன்னா பல்லு விழணும், கண்ணு போகணும், காது போகணும்," என்றார் வக்கீல் சுவாமிநாதன். "இது ஒண்ணுமே இல்லேன்னா, அடிபட்ட நாள்லேருந்து விடாம இருபது நாள் தன் வேலையைப் பார்க்க முடியாமக் கிடந்திருக்கணும். அப்பதான் கொடுங்காயம்."

"எம்பட ஊட்டுக்காரரு ஏழு மாசமாக் கெடக்கறாருங்களே சாமி."

"அது எனக்குத் தெரியறது. நடுவிலே ஒரு நாள் எழுந்து நடமாடினான்னு எதிர்க்கட்சி காட்டிட்டா, அடியிலே பட்ட காயம் அன்னியோட ஆறிப்போச்சு, அப்புறம் படுத்தது வேற ஏதோ வியாதின்னு சொல்லிடுவான்."

தெய்வநாயகி தன் தம்பி காளியப்பனைப் பார்த்தாள். அவன் உள்ளங்கைகளைத் துண்டுக்குள் சுருட்டிக்கொண்டு தரையைப் பார்த்தான். அப்படி ஒரு நாள் இருந்தது இருவருக்கும் தெரியும்.

நடந்தது இதுதான். ஆடி பிறந்த இரண்டாம் நாள் விடியற்காலையில், ஆட்டையாம்பட்டி நெசவாளர் தெருவில் அவள் புருஷன் குழந்தைவேல் தெரு நீளத்துக்குப் பாவு நூலை இழுத்துக் கட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருந்தான். தெருவில் பாவு இருந்தால் வண்டிக்காரர்கள் சுற்றிக்கொண்டு போவார்கள். அந்தத் தெருவில் எருமைக்குக்கூட அந்த மரியாதை தெரியும். பெரிய பண்ணையத்துச் சென்னியப்பனுக்குத் தெரியவில்லை. ஊரார் அவரைப் பண்ணாடி என்பார்கள். நாம் அவன் காட்டில் உழுது பிழைக்கவில்லை, ஆகையால் அவன் என்றே சொல்லலாம். சவாரி வண்டியைப் பாவுக்கு மேலேயே ஓட்டினான். இழையெல்லாம் அறுந்து சக்கரத்தில் சுற்றிக்கொண்டது.

"கண்ணு தெரீலீங்களா?" என்று குழந்தைவேல் கேட்டான். கேட்டது அவ்வளவுதான். சென்னியப்பன் வண்டியில் செருகியிருந்த மூங்கில் தடியை உருவி அவன் இடுப்பில் மூன்று போடு போட்டான். பிறகு இழைகளை அவிழ்த்துவிடச் சொல்லி, அவிழ்க்கும் வரை காத்திருந்து, வண்டியை ஓட்டிக்கொண்டு போனான்.

தருமாஸ்பத்திரி டாக்டர் தடவிப் பார்த்துவிட்டு எலும்பு முறியவில்லை என்று எழுதினார். எலும்பு முறியாதது நல்லது என்று தெய்வநாயகி அன்று அந்த டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். முறிந்திருந்தால் கேஸ் அன்றைக்கே அவள் பக்கம் தீர்ந்திருக்கும். யாருக்குத் தெரியும்?

மூன்றாம் நாளும் புருஷனுக்கு இடுப்புக்குக் கீழே அசைவில்லை. மாரியம்மன் கோயில் வாசலில் போய் விழுந்தாள். "ஆத்தா, அவரை எழுப்பிக் குடு. இந்த வருசப் பண்டிகைக்கே அவரு கையாலயே தீச்சட்டி எடுத்துக்கிட்டு உன்ற வாசலுக்கு வருவாரு" என்றாள். அடுத்த வருஷம் என்று சொல்லியிருக்கலாம். பயந்தவள் வாய்க்குத் தவணை கேட்கத் தெரியாது.

அடிபட்ட பதினேழாம் நாள் பண்டிகை. அதற்குள் குழந்தைவேல் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க ஆரம்பித்திருந்தான். ஆத்தா எழுப்பிவிட்டாள், இனி நம் வாக்குத்தான் பாக்கி என்று தெய்வநாயகி நினைத்தாள். கிணற்றடியில் குளிப்பாட்டி, மஞ்சள் துணி கட்டி, கைநிறைய வேப்பிலை வைத்து, அதன்மேல் நெருப்புச் சட்டியை வைத்தார்கள். ஒரு பக்கம் காளியப்பன், மறு பக்கம் அடுத்த வீட்டு வெள்ளியங்கிரி. இருவரும் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாற்போல் நடத்தினார்கள். தெய்வநாயகி குடத்துத் தண்ணீரை வழியெல்லாம் ஊற்றிக்கொண்டு முன்னால் போனாள். வேண்டிக்கொண்டவள் திரும்பிப் பார்க்கக்கூடாது. கோயில் வாசலில்தான் திரும்பினாள். சட்டி அவன் கையில் இருந்தது. பூசாரி அதை வாங்கியதும் குழந்தைவேல் சரிந்து விழுந்தான். அன்று விழுந்தவன்தான், பிறகு சுவரைக்கூடப் பிடிக்கவில்லை.

ஆனால் கை! வீட்டுக்குத் தூக்கி வந்து படுக்கவைத்து மஞ்சள் தண்ணீரில் கையைக் கழுவிவிட்டபோது பார்த்தாள். ஒரு கொப்புளம் இல்லை, சிவப்புகூட இல்லை. வருஷாவருஷம் சட்டி எடுக்கும் பெரிய பக்தர்களே ஒரு வாரம் எண்ணெய் தடவிக்கொண்டு திரிவார்கள். இந்தக் கைக்கு ஒன்றும் ஆகவில்லை. கால் போனாலும் ஆத்தா கைவிடவில்லை என்று அந்தக் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அன்றிலிருந்து தினமும் ஒற்றிக்கொண்டாள். காளியப்பன் மட்டும் கஞ்சிப் பானை கவிழ்ந்து கை வெந்துவிட்டது என்று பத்து நாள் தறிக்கு வரவில்லை.

வக்கீல் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். "ரெண்டு பேர் தாங்கினாங்கன்னா அது எழுந்து நடமாடினதாகாது. பிணத்தைக்கூட ரெண்டு பேர் நடத்தலாம். கூண்டுலே ஏறி அதை மட்டும் சொல்லு. உன் பின்னாலே உன் தம்பி சொல்லட்டும். கொடுங்காயம்னு தீர்ந்தா அவனுக்கு ஜெயில். அபராதமும் பெரிசாப் போடுவாங்க, அதிலேருந்து அடிபட்டவனுக்குக் கொடுக்கச் சொல்லி மாஜிஸ்திரேட்டைக் கேக்கலாம்."

அவளுக்கு வேண்டியது அதுதான். மதராஸ் பெரிய ஆஸ்பத்திரியில் முதுகுத்தண்டைப் பார்க்கிறார்கள், வருஷம் திரும்புவதற்குள் கொண்டுபோனால் நடக்கவைக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். தறியை விற்றாலும் அந்தச் செலவுக்குக் காணாது. சென்னியப்பன் ஜெயிலுக்குப் போனால் என்ன, கைலாசத்துக்குப் போனால் என்ன? அவள் புருஷன் தறிக்குழியில் காலை விட்டு மிதிகட்டையை மிதிக்க வேண்டும்.

"சொல்றனுங்க சாமி," என்றாள்.

திரும்பி வரும்போது காளியப்பன், "அக்கா, ஒண்ணு சொல்லோணும்," என்றான்.

"கோர்ட்டுல சொல்லு சாமி. அங்க சொன்னாப் போதும்," என்றாள்.

மாசி மாதம் கேஸ் வந்தது. வெள்ளியங்கிரி சாட்சிக்கு வரவில்லை. அவன் வீட்டு எருமை பண்ணாடி காட்டில்தான் மேய்கிறது. சென்னியப்பன் பக்கத்துக்கு மூன்று சாட்சிகள் தயார். குழந்தைவேல் தானாகவே ஆடிக்கொண்டு சட்டி எடுத்தான் என்று சொல்ல ஆசைப்பட்டு உட்கார்ந்திருந்தார்கள். கூட்டத்தில் ஊர்ப் பூசாரியும் இருந்தார்.

கூண்டில் ஏறிய தெய்வநாயகியை எதிர்க்கட்சி வக்கீல் அதட்டவில்லை. கோயிலில் தீர்த்தம் கொடுக்கிறவர் குரலில் பேசினார்.

"மாரியம்மன்மேலே உனக்கு நம்பிக்கை உண்டாம்மா?"

"அவதானுங்க எல்லாம்."

"உன் புருஷனே எடுக்கிறதாத்தானே வேண்டிக்கிட்டே? வேற ஆள் எடுத்தாலோ, வேற ஆள் தாங்கிப் பிடிச்சு எடுத்தாலோ அந்த நேர்த்திக்கடன் செல்லுமா?"

தாங்கினால் செல்லாது என்று எந்தப் பூசாரியும் சொன்னதில்லை. ஆனால் இவ்வளவு பெரிய மனுஷர் கேட்டதும் அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பூசாரியைப் பார்த்தாள். பூசாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சொல்லும்மா. சத்தியம் பண்ணியிருக்கே. யாராவது தாங்கினாங்களா? கடன் தீர்ந்துதா, தீரலையா?"

தாங்கினார்கள் என்று சொன்னால் போதும். அதற்காகத்தான் வந்திருந்தாள். நாக்கு நுனிவரை அந்த வார்த்தை வந்தது. ஆனால் சத்தியம் செய்த வாயால், ஊர்ச் சனத்தின் முன்னால், உன் கடன் தீரவில்லை ஆத்தா என்று எப்படிச் சொல்வது? ஏழு மாதமாக அந்த மனுஷனுக்கு மூச்சு ஓடுவதே ஆத்தா பிடித்து வைத்திருப்பதால்தான். இதைக் கேட்டு அவள் கையை விட்டுவிட்டால்? மதராஸ் டாக்டர் காலைத்தானே தருவார், உயிரை யார் தருவார்?

"யாரும் தாங்கலீங்க," என்றாள். குரல் அவளுடையதாக இல்லை. "அவரேதான் எடுத்தாரு. அவரு கையில ஒரு கொப்புளம்கூட இல்லீங்க, வேணும்னா வந்து பாருங்க. கடன் தீந்து போச்சுங்க."

"போதும்மா," என்றார் அந்த வக்கீல். "நீ பொய் சொல்ல மாட்டேன்னு எனக்குத் தெரியும்."

சுவாமிநாதன் பேனாவை மூடினார். காளியப்பனை அவர் கூப்பிடவே இல்லை. தாங்கினேன் என்று அவன் இனிச் சொன்னால் அக்காளும் தம்பியும் ஆளுக்கொரு பொய் சொல்வதாகத்தான் ஆகும். தாசில்தார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிறவன்போல வந்திருந்த சென்னியப்பன், சாதாக் காயத்துக்கு இருபத்தைந்து ரூபாய் அபராதத்தைக் கட்டிவிட்டு, அடுத்த பஸ்ஸிலேயே ஊர் போய்ச் சேர்ந்தான். பணம் சர்க்காருக்குப் போயிற்று. வல்லான் வகுத்ததே வாய்க்கால்.

அக்காளும் தம்பியும் வீடு வந்தார்கள். பொழுது இன்னும் சாயவில்லை. குழந்தைவேல் கயிற்றுக் கட்டிலில், வாசலைப் பார்த்தபடி கிடந்தான். அவன் முகத்தில் இருந்த ஆசையைப் பார்க்கத்தான் அவளால் முடியவில்லை.

"என்னாச்சு புள்ள?"

அவள் கட்டில் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். கேட்ட கேள்வியைச் சொன்னாள், சொன்ன பதிலைச் சொன்னாள். "ஆத்தாளை உட்டுக்கொடுக்க முடியலீங்க. என்னைக் கொன்னாலும் கொன்னுபோடுங்க," என்று அழுதாள்.

அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தாள். அவன் நிலைப்படியில் நின்ற காளியப்பனைப் பார்த்து, "கையைக் காட்டுடா," என்றான்.

காளியப்பன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தான். கஞ்சி கொட்டினால் புறங்கையிலும் படும், விரலிடுக்கிலும் வழியும். இது சட்டியின் அடிவட்டம். இரண்டு கையிலும் பாதிப் பாதியாக, தோல் சுருங்கி வெளுத்து, யாரோ அளந்து வரைந்ததுபோல் இருந்தது.

"கெணத்தடி தாண்டினதுமே எனக்குக் கண்ணு இருட்டிப்போச்சு," என்றான் குழந்தைவேல். "சட்டி சாயப்பாத்துது. இவன்தான் வாங்கிக்கிட்டான். வெறுங்கையில. வெள்ளியங்கிரி என்னை முதுகுல சாத்திக்கிட்டு வந்தான். கோயில் திருப்பத்துலதான் மறுபடி என்ற கையில வெச்சாங்க, அதுவும் புது வேப்பிலை வெச்சு. நான் பத்தடிகூட எடுக்கல புள்ள."

பத்தடி. கடனும் தீரவில்லை. தீராத கடனைத் தீர்ந்ததாகச் சத்தியம் செய்து, அதற்கு விலையாக அவன் காலைக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள். கோர்ட்டிலும் தோற்று, கோயிலிலும் தோற்று நின்றாள்.

"ஏனுங்க," என்றாள். "இத்தனை நாளா ஏனுங்க எங்கிட்டச் சொல்லலே?"

"எப்படிச் சொல்றது?" என்றான் அவன். "தெனமும் விடிஞ்சா இந்தக் கையை எடுத்துக் கண்ணுல ஒத்திக்கிட்டியே."

அவன் கை கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. பழக்கத்தில் அவள் அதை எடுத்தாள். கொப்புளமில்லாத கை. ஏழு மாதமாகத் தறிநாடா பிடிக்காததால், இருபது வருஷமாக உள்ளங்கையில் இருந்த காய்ப்பும் உதிர்ந்துபோய், பச்சைப்பிள்ளை கைபோல் வழுவழுவென்று இருந்தது. அதைக் கண்ணுக்குக் கொண்டுபோகவும் முடியாமல், கீழே விடவும் முடியாமல் அவள் பிடித்துக்கொண்டே இருந்தாள்.